வைத்ததைக் கண்டெடுத்தல்: சொந்தக் கோப்பகத்தில் குறிச்சொல்லும் வினவலும்

ஒரு மனிதன் தானே சேர்த்து, தானே பெயரிட்டு, தானே ஓரிடத்தில் வைத்த பொருளைப் பின்னொரு நாளில் தானே எவ்வாறு கண்டெடுப்பது என்ற கேள்வி, கேட்ட மாத்திரத்தில் அற்பமாகத் தோன்றலாம். பொது நூலகத்தில் நூல்களை அடுக்குபவர் ஒருவர், தேடி வருபவர் இன்னொருவர். ஆகவே அவ்விருவருக்கும் இடையே ஒரு பொதுமொழி வேண்டும் என்பதும், அம்மொழியை வகுப்பதற்கென்றே ஒரு சாஸ்திரம் வேண்டும் என்பதும் எளிதில் விளங்கும். சொந்தச் சேகரத்திலோ அடுக்கியவரும் தேடுபவரும் ஒருவரே. ஆயினும் பத்தாண்டுகளுக்கு முன் ஒரு புகைப்படத்துக்குப் பெயர் வைத்த மனமும் இன்று அதைத் தேடுகிற மனமும் ஒரே சொல்லைத்தான் நாடும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. கடிதங்களின் பிரதிகள், புகைப்படங்கள், பாட்டுகள், மின்னூல்கள், ரசீதுகள் என்று சாதாரணக் குடும்பமொன்றின் கணினியிலேயே பல்லாயிரம் கோப்புகள் சேர்ந்துவிட்ட இக்காலத்தில், இக்கேள்வி நூலக சாஸ்திரிகளின் கையிலிருந்து வீட்டுக்கே வந்துவிட்டது.

இதற்குக் கூறப்பட்டுவரும் விடைகளுள், கோப்புக்குப் பல குறிச்சொற்களை, அதாவது டேக்குகளை, இட்டுவைத்து, பின்னர் 'உம்', 'அல்லது', 'அன்று' என்னும் தர்க்கக் குறிகளால் அவற்றைப் பிணைத்து வினவுதல் என்பது நடுநாயகமானது. அதற்கு ஒரு பக்கத்தில், பொருளுக்கு ஓர் இடம் தந்து அவ்விடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்வதே போதும் என்பாரும், மறுபக்கத்தில், எதையும் அடுக்கவோ பெயரிடவோ வேண்டாம், கோப்பினுள் இருக்கும் சொற்களையே இயந்திரம் துழாவி எடுத்துத் தரும் என்பாரும் நிற்கின்றனர். இம்மூன்று கொள்கைகளும் எங்கிருந்து பிறந்தன, எவ்வெவ்விடங்களில் தளர்கின்றன என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

ஒரு பொருளுக்கு ஓர் இடம்

இடத்தால் அடுக்குவது மிகத் தொன்மையான வழக்கம். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியா நூலகத்தின் செல்வத்தைக் கலிமாக்கஸ் என்பவர் 120 சுருள்களில் வகைப்படுத்தி எழுதிய 'பினாக்கிஸ்' என்னும் பட்டியல், நூல்களைத் துறைவாரியாகவும் ஆசிரியர்வாரியாகவும் பிரித்தது. நம் நாட்டு நிகண்டுகளும் இதே மனப்போக்கின் விளைவுகளே. திவாகரம் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று உலகப் பொருள்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துச் சொற்களை அவற்றினுள் வைத்தது. ஒரு சொல்லின் இடத்தை அறிய, அச்சொல் குறிக்கும் பொருள் இன்ன வகையைச் சேர்ந்தது என்று முன்னமே தெரிந்திருக்க வேண்டும். 1594ஆம் ஆண்டில் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்தின் வரிசையில் வைத்தபோது, பொருளறியாதவனும் தேடலாம் என்ற பெரும் சௌகரியம் பிறந்தது. இங்கே இன்னொன்றையும் குறிப்பிடத் தோன்றுகிறது. திவாகரத்தின் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைப் பற்றியது. மற்றத் தொகுதிகளில் பல ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தருவன. இன்றைய குறிச்சொல் முறையை வருத்தும் இருபெரும் துன்பங்கள் இவையே என்பதை எண்ணுகையில், நிகண்டாசிரியர்களின் கூர்மையை வியக்காமல் இருக்க முடியவில்லை.

1876இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பு, அறிவு முழுவதையும் பத்தாகவும், ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாகவும் கிளைக்கச் செய்து, ஒவ்வொரு நூலுக்கும் அலமாரியில் ஒரே இடத்தை நிச்சயித்தது. கணினியின் கோப்புறை இம்மரத்தின் நேர்வாரிசு. அதன் குறை எல்லோரும் அறிந்ததே: 1998இல் தஞ்சையில் நடந்த ஒரு கல்யாணத்தின் படத்தைத் தஞ்சை என்ற உறையில் வைப்பதா, 1998 என்ற உறையில் வைப்பதா, கல்யாணம் என்ற உறையில் வைப்பதா? இடம், ஆண்டு, ஆள், நிகழ்ச்சி என்று நான்கு அம்சங்கள் இருப்பின், அவற்றை ஒன்றினுள் ஒன்றாக அமைக்கும் வரிசைகள் 24 ஆகின்றன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவுடன் மற்ற இருபத்து மூன்று வழிகளிலும் தேடி வருபவன் அலைய வேண்டியவனாகிறான்.

ரங்கநாதன் கண்ட முகங்கள்

இந்தக் கட்டை அவிழ்த்தவருள் முதன்மையானவர் சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன். லண்டன் நகரத்துக் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானைக் கண்டபோது, சில துண்டுகளையே மாற்றி மாற்றிப் பொருத்திப் பல பொம்மைகளைச் செய்யலாம் என்பதிலிருந்து தமக்கு இந்த யோசனை உதித்ததாக அவரே கூறியிருக்கிறார். 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு, ஒரு நூலின் பொருளை முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியலொன்றில் தேடாமல், அதன் பல முகங்களைத் தனித்தனியே அறிந்து, இடையே முக்காற்புள்ளியிட்டுக் கோத்தது. பிற்காலத்தில் அவர் அம்முகங்களை ஆள்மை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து அடிப்படை வகைகளுக்குள் அடக்கினார்.

கோத்த மணிகளை அவிழ்த்துவிட்டால் அவை குறிச்சொற்கள். அவ்வளவு தான் வேற்றுமை. ஆனால் ரங்கநாதன் ஏன் அவிழ்த்துவிடவில்லை? நூல் என்பது ஜடப்பொருள். அது அலமாரியில் ஓரிடத்தில்தான் நிற்கும். ஆகவே முகங்கள் எத்தனையாயினும் அவற்றை ஒரு நேர்கோட்டில் நிறுத்தியாக வேண்டும். கணினிக் கோப்புக்கு இக்கட்டாயம் இல்லை. எனவே குறிச்சொல் முறையை ஆதரிப்போர், ரங்கநாதனின் முகங்களை எடுத்துக்கொண்டு அவருடைய வரிசையை விட்டுவிட்டனர் என்று சொல்வது தவறாகாது. விட்டதில் லாபம் மட்டுமே உண்டென்று சொல்லிவிட முடியாது. ரங்கநாதன் வரிசையை விரும்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது: நல்ல வரிசையில், ஒருவன் தேடி வந்த நூலின் இருமருங்கிலும் அதனோடு நெருங்கிய நூல்களும், அவற்றுக்கு அப்பால் சற்றே விலகியவையும், அதற்கும் அப்பால் அந்நியமானவையும் நிற்கும். தேடாததும் கண்ணில் படும். குறிச்சொல் வினவலோ கேட்டதைத் தந்து கதவைச் சாத்திவிடுகிறது. அண்டை வீடு என்பதே அதற்கு இல்லை.

பூலின் தர்க்கமும் துளையிட்ட அட்டைகளும்

குறிச்சொற்களைப் பிணைக்கும் தர்க்கம் ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியரிடமிருந்து வந்தது. அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ஆசிரியராயிருந்தபோது 1854இல் அவர் வெளியிட்ட சிந்தனை விதிகள் பற்றிய நூலில், வகுப்புகளைக் குறிகளாக்கிப் பெருக்கியும் கூட்டியும் கழித்தும் நியாயங்களைக் கணக்காகவே போட்டுக்காட்டினார். அதைத் தேடலுக்குப் பயன்படுத்தத் தலைப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அப்போது கையாண்ட சாதனங்கள் விந்தையானவை. ஒருவகையில், ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. அச்சொல்லுக்குரிய ஆவணங்களின் எண்கள் இருக்குமிடங்களில் துளைகள். இரண்டு மூன்று அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்கின்முன் பிடித்தால், எல்லாவற்றிலும் துளையிருக்கும் இடத்தில் மாத்திரம் ஒளி ஊடுருவும், அவ்வொளியே விடை. இன்றைய செயலிகளின் உள்ளே நடப்பதும் சாராம்சத்தில் இதுவேயாகும்: ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் கோப்பெண்களின் பட்டியலொன்று இருக்கிறது; 'உம்' என்றால் பட்டியல்களின் பொதுப்பகுதி, 'அல்லது' என்றால் அவற்றின் சேர்க்கை, 'அன்று' என்றால் கழித்தல்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மார்ட்டிமர் டாப் என்பவர், பெரிய பெரிய தலைப்புத் தொடர்களை ஒழித்துத் தனிச்சொற்களை மட்டும் குறித்துவைத்து, தேடும்போது இணைத்துக்கொள்ளலாம் என்ற முறையைப் பரப்பினார். அனுபவமுள்ள நூலகர்கள் பலர் இதை அசட்டுத்தனமென்றே கருதினர். ஆனால் இங்கிலாந்தின் கிரான்பீல்டில் சிரில் கிளெவர்டன் 18,000 ஆவணங்களைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், நுணுக்கமான பகுப்பு முறைகளோடு ஒப்பிடும்போது இத்தனிச்சொல் முறை தாழ்ந்துவிடவில்லை. 1960களில் அவர் நடத்திய இரண்டாவது பரிசோதனையில், ஆவணங்களிலிருந்தே எடுத்த எளிய தனிச்சொற்கள் மேலாகவே நின்றன. நூலக உலகத்துக்கு அது பெரும் அதிர்ச்சி. எனினும் அப்பரிசோதனைகளில் கேள்வி கேட்டவர் வேறு, ஆவணத்தை எழுதியவர் வேறு, குறித்தவர் வேறு; தன் வீட்டுப் பெட்டியைத் தானே துழாவும் மனிதனுக்கு அம்முடிவுகள் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது தனிக்கேள்வி.

டாப்பின் முறைக்கு எழுந்த முக்கிய ஆட்சேபம் போலிச் சேர்க்கை என்பது. சொற்கள் சேர்ந்து நிற்கின்றன. எவ்வுறவில் சேர்ந்து நிற்கின்றன என்பதைச் சேர்க்கை சொல்லாது. 'பாரதி', 'மொழிபெயர்ப்பு' என்ற இரு குறிகளும் உள்ள கோப்பு, பாரதியார் தமிழாக்கிய கீதையாகவும் இருக்கலாம். பாரதியார் கவிதைகளின் பிறமொழி வடிவமாகவும் இருக்கலாம். வேற்றுமையுருபு இல்லாத பெயர்ச்சொற்களின் குவியல்போல் அது கிடக்கிறது. இதற்குப் பரிகாரமாகக் குறிச்சொல்லுக்கு முன்னொட்டு வைக்கும் வழக்கம் வந்தது: 'ஆசிரியர்:பாரதி' வேறு, 'பொருள்:பாரதி' வேறு. ஹைட்ரஸ் போன்ற செயலிகள் இம்முறையை விரிவாகக் கையாளுகின்றன. மின்னூல்களை நிர்வகிக்கும் காலிபரில் ஆசிரியர், தொடர், குறிச்சொல் என்ற புலங்களே அப்பணியைச் செய்கின்றன. வேற்றுமையுருபு பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

உம்மையின் விபரீதம்

பேச்சுமொழியின் உம்மையும் பூலின் உம்மையும் ஒன்றல்ல என்பதை ஆரம்பநிலைத் தேடுநர் மிகத் தாமதமாகவே உணர்கின்றனர். 'மதுரையிலும் தஞ்சையிலும் எடுத்த படங்களைக் கொண்டு வா' என்று ஒருவர் கட்டளையிட்டால், கேட்பவர் இரண்டு கட்டுகளையும் கொண்டுவந்து வைப்பார். அதே சொற்களை எண்ணும்மையென்று நம்பி இயந்திரத்திடம் கொடுத்தால், மதுரை, தஞ்சை என்ற இரு குறிகளும் ஒருங்கே பெற்ற படங்களையே அது தேடும். பெரும்பாலும் ஒன்றும் கிட்டாது. அங்கே வேண்டியது 'அல்லது'. இவ்விரண்டையும் ஒரே வினவலில் கலக்கும்போது அடைப்புக்குறி இன்றியமையாததாகிறது. ஏனெனில் மிகப் பெரும்பாலான முறைகளில் 'உம்' முன்னதாகப் பிணைகிறது. 'மதுரை அல்லது தஞ்சை, கோயிலும்' என்று அடைப்பின்றி எழுதினால், மதுரைப் படங்கள் அனைத்தும், தஞ்சையின் கோயில் படங்கள் மட்டும் வந்து நிற்கும்.

சொந்தக் கோப்புகளைத் தேடுவதற்கெனச் சூசன் டுமாய்ஸ் முதலியோர் அமைத்த தேடற்கருவியைப் பற்றி 2003இல் வெளிவந்த ஆய்வு, மக்கள் இடும் வினவல்கள் மிகக் குறுகியவை என்றும், தர்க்கக் குறிகளை அவர்கள் அரிதாகவே கையாளுகின்றனர் என்றும், விடைகளைப் பொருத்தத்தின் வரிசையைவிடத் தேதியின் வரிசையிலேயே பார்க்க விரும்புகின்றனர் என்றும் காட்டியது. குறிகளின் வலிமையை ஒருவரும் மறுக்கவில்லை. அவ்வலிமை கையாளுவோர் சிலருக்கே பயன்படுகிறது என்பதுதான் நெருடல்.

இன்மையை எப்படி அறிவது?

மூன்று தர்க்கக் குறிகளுள் மிக ஆபத்தானது 'அன்று' என்பதே. 'தஞ்சை, ஆனால் கல்யாணம் அன்று' என்று ஒருவர் வினவுகிறார். இயந்திரம் தஞ்சை என்ற குறியுள்ளவற்றிலிருந்து கல்யாணம் என்ற குறியுள்ளவற்றைக் கழித்து மீதியைத் தருகிறது. அம்மீதியில் இருப்பவை கல்யாணப் படங்கள் அல்லாதவை என்று தேடுபவர் எண்ணுகிறார். உண்மையில் அவை கல்யாணம் என்று குறிக்கப்படாதவை. சோம்பலினாலோ அவசரத்தினாலோ குறியிடாமல் விட்ட முப்பது கல்யாணப் படங்கள் அங்கே அமைதியாக உட்கார்ந்திருக்கலாம்.

நம் மரபில் இப்பிரச்சினைக்கு நெடிய சரித்திரம் உண்டு. தரையில் குடம் இல்லை என்பதை நாம் எதனால் அறிகிறோம் என்று தர்சனக்காரர்கள் நெடுங்காலம் விவாதித்தனர். பாட்ட மீமாம்சகரும் அத்வைதிகளும் அனுபலப்தி, அதாவது காணாமை, என்பதைத் தனிப் பிரமாணமாகவே கொண்டனர். ஆனால் ஒரு நிபந்தனையோடு கொண்டனர். இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்ற தகுதி அப்பொருளுக்கு இருந்தாலன்றி, அதைக் காணாமையால் அதன் இன்மை சித்திக்காது. இருட்டறையில் குடத்தைக் காணவில்லை என்பதால் குடம் இல்லையென்று ஆகிவிடாது. தரவுத்தள அறிஞர் ரேமண்ட் ரைட்டர் 1978இல் மூடிய உலகு என்ற கருத்தை வரையறுத்தபோது பேசியதும் ஏறக்குறைய இதே விஷயந்தான்: பதிவில் இல்லாதது பொய் என்று கொள்ளலாம், பதிவு பூரணமானது என்ற உறுதி இருக்குமாயின். விமானக் கம்பெனியின் கால அட்டவணைக்கு அவ்வுறுதி உண்டு. அட்டவணையில் காணாத விமானம் புறப்படாது. வீட்டுப் புகைப்படச் சேகரத்துக்கு அது இல்லை.

அனுபவமுள்ளோர் கையாளும் உபாயங்கள் சில இங்கே கவனிக்கத்தக்கன. குறியிடும் பணி முடிந்த கோப்புகளுக்குப் 'பார்த்தாயிற்று' என்பதுபோன்ற ஒரு குறியைத் தனியே இட்டுவைத்து, எதிர்மறை வினவல்களை அவ்வட்டத்துக்குள் மட்டும் நிறுத்துவது ஒன்று. ஒரு குறியும் பெறாத கோப்புகளைத் தனியே கேட்டுப் பார்ப்பது இன்னொன்று. முன்னது அறையில் விளக்கேற்றுவதற்கு ஒப்பாகும். ஆயினும் இவை ஒழுங்குள்ளவருக்கே உதவுவன. ஒழுங்கின்மைதானே நோயின் மூலம்.

இங்கேதான் குறிச்சொல் முறையின் இயல்பு முழுமையாக வெளிப்படுவதாக எனக்குப் படுகிறது. வினவற்குறிகள் கோப்புகளைப் பற்றிக் கேட்பதில்லை. உடையவர் முன்பு அவற்றின்மேல் செலுத்திய கவனத்தைப் பற்றிக் கேட்கின்றன. தர்க்கத்தில் பிழையே இல்லை. தர்க்கம் நிற்கும் தரைதான் மேடுபள்ளமானது. 1985இல் பிளேயர், மாரன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு தேடலின் குறைக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. வழக்கொன்றுக்குரிய சுமார் 40,000 ஆவணங்களில் தேடிய வழக்கறிஞர்கள், வேண்டியவற்றுள் முக்கால் பங்கு கிடைத்துவிட்டதென்று நம்பிய வேளையில், உண்மையில் கிடைத்தது ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் அதைச் சொந்தச் சேகரத்தோடு அப்படியே பொருத்துவது நியாயமாகாது. தன் வீட்டில் தேடுபவன் பெரும்பாலும் தான் அறிந்த ஒரு பொருளையே தேடுகிறான். அது கிட்டாவிட்டால் கிட்டவில்லை என்பது அவனுக்குத் தெரியும், வேறு சொல்லிட்டு முயல்வான். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் திரட்ட வேண்டிய தருணத்தில்தான், வரிக்கணக்குக்கு ஓராண்டின் ரசீதுகளையெல்லாம் எடுப்பதுபோன்ற சமயத்தில்தான், காணாததன் இழப்பு கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது.

சொல்லின் சஞ்சலம்

ஒரு பொருளுக்குப் பெயர் சொல்லும்படி இருவரைக் கேட்டால், அவர்கள் ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு என்று பர்னாஸ், லாண்டவர், கோமஸ், டுமாய்ஸ் ஆகியோர் 1987இல் எழுதினர். ஒரே மனிதன் வெவ்வேறு காலங்களில் இருவராகிறான் என்று கொண்டால், இவ்வெண் வீட்டுக்குள்ளும் அச்சுறுத்துவதே. ஒருநாள் 'கல்யாணம்', மறுநாள் 'திருமணம்', மற்றொரு நாள் 'விவாகம்'. மறுதலையாக, 'அண்ணா' என்ற ஒரு குறி தமையனாரையும் குறிக்கலாம், அறிஞர் அண்ணாவையும் குறிக்கலாம். திவாகரத்தின் இருவகைத் தொகுதிகள் இங்கே உயிர்பெற்று வருகின்றன.

இதற்கு இரு நேர்மாறான மருந்துகள் கூறப்பட்டன. சொற்களை முன்கூட்டியே கட்டுப்படுத்தி, அனுமதித்த பட்டியலிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும் என்பது நூலகரின் மருந்து. 2003இல் டெலிஷியஸ், 2004இல் பிளிக்கர் ஆகிய தளங்கள் தொடங்கிப் பிரபலமானபோது, மக்கள் மனம்போன போக்கில் இடும் சொற்களே காலப்போக்கில் தாமாக ஓர் ஒழுங்குக்கு வரும் என்ற எதிர்க்கொள்கை எழுந்தது. அதற்குத் தாமஸ் வாண்டர் வால் என்பவர் தனிப்பெயரும் சூட்டினார். பலர் கூடிய இடத்தில் அது ஓரளவு உண்மையாயிற்று, ஒருவர் விட்டதை மற்றொருவர் இடுவதால். தனிமனிதர் சேகரத்தில் கூட்டம் ஏது? அங்கே கைகொடுப்பவை ஒருபொருட் சொற்களை ஒன்றாக்கும் வசதியும், ஒரு குறி மற்றொன்றைத் தானே உட்கொள்ளும் வசதியும்தாம்: 'பெருவுடையார் கோயில்' என்று இட்டால் 'கோயில்', 'தஞ்சை' என்பவையும் தாமே வந்து சேரும்படி அமைப்பது. டி.எம்.எஸ்.யு. என்னும் எளிய கருவிகூட இவ்வுட்கோளைத் தருகிறது. கவனித்துப் பார்த்தால், விட்டொழித்த டூயியின் மரம் இதற்குள் மெல்லக் கிளைவிடுகிறது.

தமிழில் குறியிடுவோருக்குப் பிரத்தியேகமான சில தொல்லைகள் உண்டு. ஔவையார் என்ற பெயரின் முதலெழுத்தை 'ஔ' என்ற ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம். 'ஒ', 'ள' என்ற இரண்டெழுத்தாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும், இயந்திரத்துக்கோ அவை வெவ்வேறு. 'ஸ்ரீ' என்பதற்கும் உள்ளே இருவகை எழுத்துக்கோவைகள் வழங்குகின்றன. பகுதிச்சொல்லையும் ஏற்கும் தேடல் இன்னொரு பொறி: காலிபரில் சமக்குறியின்றிக் 'கலை' என்று குறிச்சொல்லைத் தேடினால் 'கலைஞர்', 'சிற்பக்கலை', 'கலைக்களஞ்சியம்' எல்லாம் வந்து சேரும், முன்னால் சமக்குறி இட்டாலன்றிச் சொல் முழுமையாகப் பொருத்தப்படுவதில்லை. ஆனால் இதே மொழியியல்பு குறிச்சொல்லுக்குச் சாதகமாகவும் நிற்கிறது. உள்ளடக்கத்தைச் சொல்லளவில் துழாவும் முறை, 'மரம்' என்று கேட்டால் 'மரத்தின்', 'மரங்கள்' என்பவற்றைத் தவறவிடும்; விகுதிகளும் சாரியைகளும் சந்தியும் சொல்லின் உருவத்தையே மாற்றிவிடுகின்றன. குறிச்சொல் எழுவாய் வடிவில் நிற்பதால் இவ்விடர் அதற்கு இல்லை.

இடத்தின் பக்கம் நிற்போர்

குறிச்சொல்லின் கோட்பாட்டுச் சிறப்பு இவ்வளவு வெளிப்படையாயிருந்தும் மக்கள் ஏன் கோப்புறையை விடவில்லை என்பது ஆராய்ச்சியாளரை நெடுநாள் உறுத்திய புதிர். தாமஸ் மலோன் 1983இல் அலுவலக மேசைகளை ஆராய்ந்து, அடுக்குபவர், குவிப்பவர் என்ற இருவகை மனிதரைக் கண்டார். குவியலும் வீணன்று, மேலே கிடக்கும் காகிதம் செய்ய வேண்டியதை நினைவூட்டுகிறது என்றார். 1995இல் பாரோவும் நார்டியும், கணினியிலும் மக்கள் சொல்லால் தேடுவதைவிட இடத்தால் கண்டெடுப்பதையே விரும்புகின்றனர் என்று கூறினர். அன்றைய தேடற்கருவிகள் மட்டமானவை, நல்லவை வந்தால் நிலை மாறும் என்று மறுத்தோரும் உண்டு. கருவிகள் வந்தன, ஆப்பிள் நிறுவனம் 2005இல் ஸ்பாட்லைட்டை அளித்தது. ஆனால் இஸ்ரேலிய ஆய்வாளர் ஓபர் பெர்க்மனும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட முடிவின்படி, தேடற்கருவி மேம்பட்டும் மக்களின் வழக்கம் பெரிதாக மாறவில்லை. தேடல் என்பது கோப்பு இருக்குமிடம் மறந்துபோனபோது கையாளும் கடைசி உபாயமாகவே நின்றது. கோப்புறையும் குறிச்சொல்லும் இரண்டும் கிடைத்த இடத்திலும் கோப்புறையையே பலர் நாடினர் என்று அவர்களின் பின்னைய ஆய்வு கூறுகிறது. கோப்புறைகளினூடே செல்லும்போது, வீதியில் வழிகண்டு நடக்கையில் இயங்கும் மூளைப்பகுதிகளே இயங்குகின்றன என்பதற்கும் 2015இல் ஓர் ஆய்வு சான்று காட்டிற்று.

இவற்றிலிருந்து இடமே வென்றது என்று முடிவு கட்டுவது அவசரம். தன் வீட்டில் தினமும் புழங்கும் பொருளுக்கு இடம் போதும். பத்தாண்டு தொடாத பொருளுக்கு இடத்தின் ஞாபகம் எப்படி நிற்கும் என்பதை இவ்வாய்வுகள் போதிய அளவு ஆராயவில்லை. மேலும், கோப்பமைப்பையே வினவலாக்க முயன்றவர்களின் கதையும் இங்கே கருதத்தக்கது. 1991இல் கிபர்டு முதலியோர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், கோப்புறையின் பெயரே ஒரு வினவலாக அமையும்படியான அமைப்பைச் செய்துகாட்டினர். பீஓஎஸ் என்னும் இயங்குதளம் கோப்பின் பண்புகளை நேரடியாக வினவ வழிசெய்தது. மைக்ரோசாப்ட் 2003இல் அறிவித்த வின்எப்எஸ் என்ற பெருந்திட்டம் 2006இல் கைவிடப்பட்டது. அவை பரவாமைக்குக் கொள்கையின் பலவீனத்தைவிட, குறிகள் கோப்போடு பிரயாணம் செய்யாமை ஒரு பெரிய காரணமாயிருக்கலாம். கோப்பின் புறப்பண்பாக இட்ட குறி, வேறு வகை வட்டுக்கு நகலெடுத்தாலும் மின்னஞ்சலில் அனுப்பினாலும் பல சமயம் உதிர்ந்துபோகிறது. தனித் தரவுத்தளத்தில் இட்ட குறி, கோப்பை நகர்த்தினால் தலைவனை இழக்கிறது. கோப்பின் உள்ளேயே எழுதுவது ஒருவாறு நிலையானது. ஆனால் எல்லா வகைக் கோப்புக்கும் அது இயல்வதில்லை.

அடுக்கவே வேண்டாம் என்போர்

மூன்றாம் கட்சியினரின் வாதம் பொருளாதாரம் பற்றியது. குறியிடும் உழைப்பு இன்று செலவாகிறது. பலன் என்றோ ஒருநாள், அதுவும் சில கோப்புகளுக்கே கிடைக்கிறது. விட்டேக்கர் முதலியோர் 2011இல் 345 பேரின் மின்னஞ்சல் வழக்கத்தை ஆராய்ந்து, உறைகளில் அடுக்கிவைத்தவர்கள் அதனால் விரைவாகக் கண்டெடுக்கவில்லை, தேடலே சிக்கனமானது என்று கண்டனர். பெர்க்மனின் முடிவுக்கு இது முரணாகத் தோன்றினும், மின்னஞ்சல் வேறு, கோப்பு வேறு என்பதை மறக்கலாகாது: கடிதத்தினுள் சொற்கள் நிறைந்திருக்கின்றன, தாமே வந்த தேதியும் அனுப்பியவர் பெயரும் இருக்கின்றன. பேசாத புகைப்படத்துக்கும் பழைய ஒலிநாடாவின் பிரதிக்கும் அவை இல்லை.

அக்குறையை நிரப்புவதாகவே, படத்தில் முகத்தையும் பொருளையும் அடையாளங்கண்டு தானே பெயரிடும் இயந்திரங்கள் இப்போது வந்திருக்கின்றன. அவை 'கோயில்', 'கடற்கரை' என்று சொல்லும். எந்தக் கோயில், எவருடைய அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது எடுத்தது என்பதைச் சொல்வது அவற்றுக்கு எளிதன்று. மேலும், பொருள் நெருக்கத்தைக் கொண்டு விடை தரும் புதிய முறைகள் ஏறக்குறைய ஒத்தவற்றைக் கொணர்வதில் வல்லவை. விலக்கச் சொன்னதை விலக்குவதில் அவை இன்னும் தடுமாறுகின்றன. பூலின் கழித்தல், குறைகள் இருப்பினும், சொன்னதைச் சொன்னபடி செய்கிறது.

திறந்து நிற்பவை

மூன்று கட்சிகளின் சான்றுகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கையில், அவை ஒரே கேள்விக்கு விடை சொல்லவில்லை என்பது தெரிகிறது. இடம் அண்மைக்கால ஞாபகத்துக்கும், உள்ளடக்கத் தேடல் சொல் நிறைந்த ஆவணத்துக்கும், குறிச்சொல் வினவல் பேசாத பொருள்களுக்கும் பல முகங்களின் சந்திப்புக்கும் பொருந்துவனவாகத் தோன்றுகின்றன. இவற்றை ஒருவர் வீட்டிலேயே எந்த விகிதத்தில் கலப்பது என்பதற்கு ஆய்வுகள் விடை தரவில்லை. பெரும்பாலானவை சில வாரங்களோ மாதங்களோ நீடித்தவை, சேகரமோ ஆயுள் முழுவதும் நீள்வது. எத்தனை குறிகளுக்குமேல் உழைப்பு வீணாகிறது என்பதும், இயந்திரம் இட்ட குறியையும் மனிதர் இட்ட குறியையும் வினவலில் வேறுபடுத்த வேண்டுமா என்பதும் தீராதவை. வேறுபடுத்தாவிடில் இன்மையின் சிக்கல் இரட்டிப்பாகும் என்று அஞ்ச இடமுண்டு.

அவற்றினும் ஆராயப்படாத ஒன்று, சேகரம் கைமாறும் காலம். தந்தை தம் படங்களுக்கு 'அண்ணா', 'நம்ம வீடு', 'பழைய ஆபீஸ்' என்று குறியிட்டிருப்பார். மகளுக்கு அந்த அண்ணா பெரியப்பா. அந்த வீடு அவள் பிறக்குமுன் விற்றுப்போனது. அவள் 'பெரியப்பா' என்று வினவுகிறாள், கணினி ஒன்றுமில்லை என்கிறது. 'அண்ணா' என்று வினவினால் காஞ்சிபுரத்துக் கூட்டமொன்றின் படங்களும் உடன்வருகின்றன. இவ்வுறவுச் சொற்களை அவற்றைச் சொன்னவரின் நிலையிலிருந்து கேட்பவரின் நிலைக்குப் பெயர்த்துத் தரும் வினவற்குறி எதையும் பூலின் தர்க்கத்தைப் பின்பற்றும் முறைகள் இதுவரை அளிக்கவில்லை.